சீமையிலிருந்து வந்த ஊசி

சீமையில் கையால் துப்பாக்கி செய்கிற பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன என்று பேரன் போனைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அது அறுபது வருஷத்துப் பழைய செய்தி. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் என்னிடம் யாரும் கதை விட முடியாது.

அப்பாவிடம் லைசென்சோடு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. சீமைக்குக் கப்பலேறும் அவசரத்தில் ஒரு துரை விற்றுவிட்டுப் போனது. வண்டலூர்க் காட்டுப் பக்கமிருந்து வரும் பன்றிகளுக்கு எங்கள் கடலைக் கொல்லை என்றால் உயிர். துப்பாக்கி இருந்ததால்தான் எங்களுக்கும் கொஞ்சம் கடலை மிஞ்சியது. ஒரு வருஷம் விதைத்து முடித்த கையோடு வலது குழலின் ஊசி ஒடிந்தது. தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கிற சின்ன இரும்பு, அவ்வளவுதான். ஆனால் ஒற்றைத் தோட்டாவை நம்பி, அடிபட்ட பன்றிக்கு முன்னால் யார் நிற்பது?

மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடைக்காரர் கையை விரித்தார். ஒவ்வொரு துப்பாக்கியும் அரத்தால் ராவித் தனித்தனியாகச் செய்ததாம், ஒன்றின் ஊசி இன்னொன்றில் சேராதாம். தாம்பரம் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த என் தாய்மாமா, தானே செய்து தருவதாகச் சொன்னார். அப்பா அவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

“செஞ்சவன் கைதான் இதுல படணும். ரயிலுக்கு ஆணி அடிக்கிற கை படக்கூடாது.”

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அதைச் செய்த சீமைக் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். நான்தான் பெட்டியில் போட்டேன். அதற்கப்புறம் அப்பா தினமும் என்னைத் தபாலாபீசுக்கு விரட்டினார். அம்மா பன்றியை விரட்ட எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தாள். மச்சானிடமே கொடு என்று எத்தனை பேர் சொல்லியும் அப்பா அசையவில்லை.

காய் பிடிக்கிற சமயத்தில் பதில் வந்தது. மாமா அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார்.

“செஞ்சிக்கினு கீறாங்களாம் மாமா. பத்து நாள்ல வந்துடுமாம்.”

பட்டறையை மூடியாயிற்று, பழைய வேலையாட்கள் யாரும் இல்லை, மன்னிக்கவும் என்பதுதான் அதில் இருந்தது. என் மகள் படித்துப் பெரியவளான பிறகு அதைப் படித்துச் சொன்னாள்.

அந்தப் பத்து நாளும் அம்மா ஏதாவது வேலை சொல்லி அப்பாவைக் கொல்லைக்கு அனுப்புவாள். உடனே மாமா வருவார். துப்பாக்கிக்கு எண்ணெய் போடத்தான் என்பார். விரலெல்லாம் கீறலாக இருக்கும். ஒரு நாள் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போனேன். உள்ளே ஆறேழு குட்டி இரும்புத் துண்டுகள். இன்னா மாமா இது என்றதற்கு, ரயிலைத் தின்னா முள்ளு இருக்காதா என்றார்.

பத்தாம் நாள், அந்தச் சீமைக் கவரில் சுற்றிய ஒரு தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். தபால்காரர் வழியில் கொடுத்தாராம். ஓட்டமாக ஓடி அப்பாவிடம் சேர்த்தேன். ஊசி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கொல்லை மேட்டில் நின்று அப்பா ஒரு வெடி வெடித்தார்.

“பாத்தியாடா மச்சான் வேலைய. நம்மாளுக்கு வருமா இது?”

“எப்டி மாமா வரும்” என்றார் மாமா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருஷம் கடலை வீடு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் இடது குழலின் ஊசி போயிற்று. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தார். ஒடிந்த ஊசியை மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். துப்பாக்கியையும் அவர் மடியிலேயே வைத்தார்.

“மச்சான், சீமைக்கு எழுது. வியாழக்கிழமைக்குள்ள வந்துடணும்.”

கப்பலுக்கே ஒரு மாசம் ஆவுமேப்பா என்றேன். மாமா ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே தபாலாபீசில் போய் நின்றேன். சீமையிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றார் தபால்காரர். வீட்டுக்கு வந்தால், அப்பா புது ஊசியைப் போட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இப்படிப் பொய் சொல்லிவிட்டாரே என்று, அந்தத் தபால்காரரோடு நான் வெகுநாள் பேசவில்லை.