செல்விக்கு வந்தது பயமா?

முந்தாநாள் பக்கத்து வீட்டு செல்வி மறுபடி வேலைக்குப் போனாள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா?

செல்விக்குப் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை. கை நடுங்குகிறவர்களை அந்த ரூமுக்குள் விட மாட்டார்கள். ஒரு உரசல் போதுமே! இவளுக்கு நடுங்கியது. சீசன் நேரத்தில் போர்மேன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்தாளா? எங்கே... அடுப்படிக்கும் வாசலுக்கும் நடைதான். தூக்கமில்லை. தொட்டதற்கெல்லாம் எரிச்சல். தெருவே கூடித் தீர்ப்பு சொன்னது — பக்கத்து கம்பெனியில் வெடித்ததைப் பார்த்தாள் இல்லையா, பயந்த கோளாறு. மந்திரித்துத் திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். வெடிக்குப் பிறகு எது வந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்.

என் மகள் மதுரையில் சைக்காலஜி படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அதே தீர்ப்பை இங்கிலீஷில் சொன்னாள் — ‘ட்ராமா’. மூளை, நரம்பு, சுரப்பி என்று அவளுக்கு ஒரு பேப்பர் உண்டு. மனசைப் படிக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறுதல் சொல்லத்தான் செல்வியின் கையைப் பிடித்தாள். சட்டென்று மகளின் முகம் மாறிவிட்டது. வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: பயந்தவர்களுக்குக் கை வேர்த்து ஜில்லென்று இருக்குமாம். செல்வியின் கை சுட்டது. அதோடு, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்திருந்தது.

சாத்தூர் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் மதுரைக்குப் போய் ரிசல்ட் வந்தது. தைராய்டு! கழுத்துச் சுரப்பி அளவுக்கு மேல் சுரக்கிறதாம்; நடுக்கம், சூடு, இளைப்பு எல்லாம் அதனால்தானாம்.

செல்வி அழுதுவிட்டாள். “அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையாக்கா?”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மனசு என்ன அந்தரத்திலா தொங்குகிறது? இந்த ரத்தத்திலும் சதையிலும்தானே குடியிருக்கிறது. வீட்டை எட்டிப் பார்க்காமல் குடியிருப்பவரை விசாரித்தால் எப்படி? மகள் இப்போது அந்த பேப்பரை முதலில் எடுத்துப் படிக்கிறாள்.

மாத்திரையில் நடுக்கம் நின்றது. போர்மேனும் கூப்பிட்டுவிட்டார். முந்தாநாள் சாயங்காலம் திரும்பி வந்தவளிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கை நடுங்கலக்கா. ஆனா இப்பத்தான் பயமா இருக்கு. அங்கன எம்புட்டு மருந்துக்கு நடுவுல உக்காந்திருக்கோம்னு இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது.”

மகளைக் கேட்டேன். இந்தப் பயத்துக்கு மாத்திரை கிடையாதாம் — நிஜ ஆபத்தைப் பார்த்து வருகிற பயமாம், உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளமாம்.