பன்னிரண்டு டிரைவுகளும் ஒரு சந்தனப் பொட்டும்

சிடி டிரைவ் வேகமெடுக்கும் சத்தம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. முதலில் ஒரு விக்கல். பிறகு வட்டைக் கவ்விக்கொள்ளும் சின்ன முனகல். அப்புறம் ஊளை. ஆனி பிறந்ததும் கணவாய் வழியாக எங்கள் பள்ளத்தாக்கில் இறங்குமே, தகரத்தையும் தென்னையையும் ஒன்றாக உலுக்கும் காற்று, அதைப்போல ஏறி, ஏறி, இன்னும் ஏறி. திரையில் ஒரு பச்சைக் கோடு. இடது ஓரத்தில் இருபத்திரண்டில் கிளம்பி வலது ஓரத்தில் ஐம்பத்திரண்டைத் தொட வேண்டும். தொட்டால் நல்ல டிரைவ். தொடாவிட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருள். அப்படித்தான் அன்று நினைத்தேன். பொய் சொல்லப் போவது நான் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, சாலையோரத்தில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. ஜன்னலைத் திறந்தால் திராட்சைப் பந்தல், மருந்தடித்த வாசனை. ஜன்னலை மூடினால் நான்தான் அங்கே ராஜா. மெஷினில் ஏதாவது மர்மம் என்றால் தாளாளர் முதல் வாட்ச்மேன் வரை என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு ஒப்பான போதை பிறகு எழுத்தில்கூடக் கிடைக்கவில்லை.

வேகத்தைச் சோதிக்க ஒரு டிஸ்க் வைத்திருந்தேன். சிடியில் தகவல் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. உள்வட்டத்தில் மெதுவாகப் படிக்கும், வெளியோரம் போகப் போக வேகம் கூடும். பாதி நிரம்பிய டிஸ்க்கை வைத்துப் பார்த்தால் டிரைவின் முழு வேகம் தெரியவே தெரியாது. அதனால் விளிம்புவரை தளும்பத் தளும்ப நிரப்பி, நடுவில் கறுப்பு மார்க்கரால் 'டெஸ்ட்' என்று எழுதி, தனி உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

ஆயுத பூஜை வந்தது. மானிட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு, மூலையில் உறுமிக்கொண்டிருந்த யூபிஎஸ்ஸுக்குக்கூட ஒன்று. மிச்சம் கிண்ணத்தில் குழைந்து கிடந்தது. எல்லோருக்கும் மார்க் போடுகிறவருக்கு ஒன்று வேண்டாமா என்று என் டெஸ்ட் டிஸ்க்கை எடுத்தேன். எழுத்து மறையக் கூடாது. ஆகவே மேல் பக்கத்தில், விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை அள்ளி அப்பினேன். அதன் நடுவே குங்குமம். உள்ளங்கையில் நிலா மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

விடுமுறை முடிந்த மறுநாள் அவர் வந்தார். கம்பத்தில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் சின்னக் கடை வைத்திருந்த ராவுத்தர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் பக்கம் ராவுத்தமாருக்கும் எங்களுக்கும் பேச்சு வழக்கே மாமன் மாப்பிள்ளைதான். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். லேபில் தேய்ந்துபோன டிரைவுகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு புது டிரைவுகள், ஐம்பத்திரண்டு எக்ஸ் வேகம், மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்தார்.

"மாப்ள, பாத்து எறக்குங்க. மதுரையிலருந்து பச்சப்பிள்ள மாதிரி மடியில வச்சுக் கொண்டாந்திருக்கேன். பஸ்ஸுல ஒருத்தன் கேக்குறான், என்னா பாய் பிரியாணிப் பொட்டலமான்னு."

"டெஸ்ட் பாத்துத்தான் மாமா மாட்டணும். தாளாளர் கண்டிசனாச் சொல்லிட்டாக."

"பாருங்க, பாருங்க. பொண்ணு பாக்க வந்துட்டுப் பாக்காமப் போவாகளா?"

முதல் டிரைவை மாட்டினேன். விக்கல், முனகல், ஊளை. கோடு இருபத்திரண்டில் கிளம்பியது. முப்பதை நெருங்கியபோது பெட்டி நடுங்கியது. மேசை நடுங்கியது. மேசைமேல் இருந்த பேனா உருண்டது. கோடு படியிலிருந்து தவறியவன் போலச் சரிந்து கீழே விழுந்து, அங்கேயே தவழ்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இடறின. பன்னிரண்டு பேர் ஒரே இடத்தில் இடறினால் கீழே கிடக்கும் கல்லைத் தேட வேண்டும். நான் பன்னிரண்டு பேரின் காலைப் பார்த்தேன்.

"என்ன மாமா, மேல அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கு, நொண்டுது?"

அவர் அருகே வந்தார். தட்டு வெளியே நீண்டு நின்றது. டிஸ்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் டிஸ்க்கை. அந்த மௌனத்தை, பிடிபட்டவனின் மௌனம் என்று நான் படித்தேன்.

"டிஸ்க்கக் கொஞ்சம் தொடச்சுப் போட்டுப் பாக்கலாமா மாப்ள?"

எனக்கு எரிச்சல். எடுத்தேன், திருப்பினேன், மினுமினுக்கும் அடிப்பக்கத்தில் வாயால் ஊதிக் கைக்குட்டையால் துடைத்தேன். டிஸ்க் துடைப்பது என்றால் உலகத்தில் யாரும் செய்வது அதுதானே? படிக்கும் பக்கம் அதுதான். முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. "பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு. நேத்துக்கு முந்துன நாளு பூசையில வச்சு எடுத்தது. டிஸ்க் மேல பழியப் போடாதீக மாமா."

"பூசையில வச்சதா..." என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "செரி. அப்பச் செரி."

மறுபடியும் போட்டேன். மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த டைப்பிங் ஆசிரியர் சொன்னார்: "அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கறது ராவுத்தர் வயசா இருக்கும் சார். வேகம்னு நெனச்சு ஏமாந்துறாதீக." எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தரும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் நீளமாக இருந்தது.

அன்றே அறிக்கை எழுதினேன். 'குறைந்த வேக டிரைவுகளில் கூடுதல் வேகத்தின் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டப்பட்டிருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது.' யார் சந்தேகிக்கிறார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அப்படி எழுதுவது எவ்வளவு வசதி என்பதை அன்று கற்றேன். தாளாளர் படித்துவிட்டு, "நம்ம ஆளு கண்ணுல மண்ணத் தூவ முடியுமாய்யா?" என்றார். சரக்கு திரும்பிப் போனது. சொல்லும் அதோடு போனது. ஸ்டிக்கர். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தச் சொல் அவருக்கு முன்னாலேயே போய் நின்றது.

மூன்றாம் நாள், லேபில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய டிரைவ் ஒன்றை வேறு காரணத்துக்காகச் சோதித்தேன். அதே டிஸ்க். முப்பதை நெருங்கி, நடுங்கி, விழுந்தது. போன மாதம் என் கண் முன்னாலேயே சீராக ஏறி உச்சியைத் தொட்ட டிரைவ் அது. டிஸ்க்கை எடுத்தேன். மேல் பக்கம். விளிம்பில் சந்தனம் காய்ந்து, கெட்டியாகி, வெடித்திருந்தது. ஒரு பக்கம் எடை. வேகம் கூடக் கூட வட்டு ஆடும், வட்டு ஆடினால் டிரைவ் பயந்து தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நகத்தால் சுரண்டினேன். தூள் மேசையில் உதிர்ந்தது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி போட்டேன். கோடு ஏறியது. எந்த நடுக்கமும் இல்லாமல், வெண்ணெயில் கத்தி போல, ஏறி உச்சியைத் தொட்டது. விரலில் சந்தன வாசனை.

தாளாளர் அறைக்குப் போனேன். போனேன் என்பதை எழுதிக்கொள்கிறேன், கதவுவரை போனேன். உள்ளே விருந்தாளிகள். அவர்களிடம் என் சாமர்த்தியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு வாசன பிடிச்சிருவான்." விருந்தாளிகள் போகட்டும் என்று நின்றேன். பிறகு மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். பிறகு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். பிறகு தீபாவளி. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்த உண்மைக்கு வயதாகிக்கொண்டே போனது. வயதான உண்மையைச் சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து அடுத்த நாளையும் விட்டேன்.

ஒருநாள் கம்பம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நிற்கிறேன். அவர் எதிரே வருகிறார். பெஞ்சில் இருந்த ஒருவன் குரல் கொடுத்தான்: "ஏலே, ஸ்டிக்கரு வாராருடா. ஒன் பைக்கு எத்தன சிசின்னு கேளு, கூட்டி ஒட்டிக் குடுத்துருவாரு!"

"ஒனக்கு மூளை எத்தன சிசின்னு ஒட்டணும்னு சொல்லுடா, கொறச்சே ஒட்டுறேன்" என்று அவரும் சொன்னார். பெஞ்சு அதிர்ந்தது. சிரித்து முடித்துத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"வாங்க சார்" என்றார்.

மாப்ள இல்லை. சார். டீ கிளாஸ் கையைச் சுட்டது. வைக்கவும் தோன்றவில்லை, குடிக்கவும் தோன்றவில்லை.

சுற்று வட்டாரப் பள்ளிகள் அவரிடம் வாங்குவதை நிறுத்தின. கடையில் மானிட்டர் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. பிறகு செல்போன் கவர்கள். நான் லேபை விட்டேன், சின்னமனூருக்குக் குடிபோனேன், எழுத ஆரம்பித்தேன். காற்றைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் எழுதினேன். எதை எழுதாமல் இருக்க இதையெல்லாம் எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஏழு வருடம் போய்விட்டது. ஒரு மத்தியானம் அவர் கடைக்கே போனேன். வெயிலில் தெரு காலியாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். நின்றுகொண்டே சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு டிரைவுல கோளாறு இல்ல. என் டிஸ்க்குலதான். மேல சந்தனம் வச்சிருந்தேன்."

"தெரியும் சார்."

ஸ்டூலை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"தட்டு வெளிய வந்தப்பவே பாத்தேன். ஓரத்துல, பெருவெரல் அளவு. ஒரு பக்கம் எடை இருந்தா ஆடும்னு எனக்குத் தெரியாதா? இதத்தான வித்துக்கிட்டிருந்தேன்."

"அங்கனயே சொல்லியிருக்கலாமே மாமா."

"தொடைக்கச் சொன்னேன்ல? நீங்க அடிப்பக்கத்தத் தொடச்சீக. மேல இருந்தது நீங்க சாமிக்கு வச்ச பொட்டு. அத அழிங்கன்னு நான் எந்த வாயால சொல்றது? நாலு பேரு நிக்கிற எடம். நீங்களாப் பாத்து எடுப்பீகன்னு நெனச்சேன்." ஜெராக்ஸ் மெஷினின் மூடியை ஒரு துணியால் துடைத்தார். "பெறகு யோசிச்சேன். மாப்ள தெரியாமச் செஞ்சிட்டாக, தெரிஞ்சா அவுகளே ஓடி வருவாகன்னு. அதான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல."

அதோடு நான் திரும்பி வந்திருக்கலாம். அவர் எனக்காக ஒரு வாசலைத் திறந்துவைத்திருந்தார், ஏழு வருடமாக. தெரியாமல் செய்தவன் என்ற வாசல்.

"மூணாம் நாளே கண்டுபிடிச்சிட்டேன் மாமா" என்றேன்.

துணி நின்றது.

"மூணாம் நாளேவா?"

தலையாட்டினேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதையோ கூட்டிப் பார்ப்பவர் போல உதடு அசைந்தது. டீக்கடைகள், பெஞ்சுகள், சிரித்துச் சமாளித்த நாட்கள், எல்லாவற்றையும் அவர் மறுபடி ஒருமுறை வேறு வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருந்தது. என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், அவரிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேன்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?" என்றார் கடைசியில். "எனக்கு எம்மேல சந்தேகம் இல்லியே. எங்கன சொன்னீகளோ அங்கன போயிச் சொல்லுங்க."

மறுநாளே கல்லூரிக்குப் போனேன். பழைய தாளாளர் காலமாகிவிட்டிருந்தார். அலுவலகத்தில் ஓர் இளம்பெண். "சிடி டிரைவா சார்? எல்லாத்தயும் கழட்டிட்டோமே. இப்ப எல்லாரும் பென் டிரைவ்தான்." தாள் கேட்டு வாங்கி, நின்றவாக்கில் எழுதினேன். 'பிழை நேர்ந்துவிட்டது' என்று கை தானாகவே எழுதியது. அடித்தேன். 'நான் தவறாகச் சோதித்தேன். தெரிந்த பிறகு மறைத்தேன். அவர் விற்றவை நல்ல டிரைவுகள்.' மூன்று வரி. அந்தப் பெண் படித்துவிட்டு, ஒன்றும் புரியாமல், முத்திரை குத்தி நகல் தந்தாள்.

நகலைக் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"காலேஜுல இதப் படிக்க யாரு இருக்கா சார்? எனக்குப் பேரு வச்சது காலேஜு இல்ல. டீக்கடை." தெரு முனையை மோவாயால் காட்டினார். "அங்கன வாசிங்க."

போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். அன்று கேலி செய்தவனும் இருந்தான், தலை நரைத்திருந்தது. தாளை விரித்தேன். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், நோட்டீஸா? எந்தக் கட்சி?"

எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை கண்கள். லேபில் அன்று எனக்குப் பிடித்திருந்த அதே பார்வை. வாய் திறந்தேன். "ஒண்ணுமில்லண்ணே" என்று வந்தது. "டீ ஒண்ணு."

டீயை முழுதாகக்கூடக் குடிக்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்றில் ஓடி ஏறினேன். பஸ் ஜன்னலில் அவர் கடை கடந்து போனது. அவர் வாசலில் நின்று டீக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"இது எங்க போகுது?"

"ராயப்பன்பட்டி."

நான் போக வேண்டியது சின்னமனூர். "ராயப்பன்பட்டிக்கே ஒண்ணு குடுங்க" என்றேன்.