ஜெபமணியின் முட்டு வலி

ஜெபமணியின் முட்டியில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் புனேயில் கிர்க்கிப் பக்கம் யாரைக் கேட்டாலும், "பாவம், முட்டு தேஞ்சு சைக்கிளை விட்ட மனுஷன்" என்றுதான் உச்சுக்கொட்டுவார்கள். தேய்வதாவது, மண்ணாங்கட்டி! நாசரேத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மிதித்து மிதித்து உரமேறிய முட்டி அது. அந்த முட்டியைப் பற்றி அவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னார். நல்லதுக்கென்று சொன்ன பொய்தான்.

புனேக்கு அவர் வந்தது ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் வேலைக்கு. மனைவி சொர்ணம் வந்தாள், குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பிள்ளைகள் பிறந்து மராத்தியில் சண்டை போடத் தொடங்கின. அவர் மட்டும் வாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர் மாறாத தமிழ். ஒருநாள் ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை சைக்கிள் ஸ்டாண்டில் தம் வண்டியை உருவப்போக, வரிசையாக நின்ற சைக்கிள்கள் அத்தனையும் சடசடவென்று சரிந்தன. ஜெபமணி ஊர்ப் பாஷையில் ஒரு வசவு விட்டார். சைக்கிள்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஓய், திருநெல்வேலியா?" என்றது. அதுதான் கிட்டு. கணக்குப் பிரிவில் வேலை, கல்லிடைக்குறிச்சிக்காரர், சாங்வியில் வீடு. 1991-ஆம் வருஷம் அது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

கிட்டுவுக்குப் பழைய ஊர் என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கைப்பிடி வளைந்த ரேஸ் சைக்கிளில் வந்து நின்று மணியடிப்பார். ஒரு வாரம் ஆளந்தி, ஒரு வாரம் தேஹு, ஒரு வாரம் தேவூர் என்று, லாரிச் சாலையை விட்டு விலகிச் சோளக்கொல்லைகளுக்கு நடுவே போகும் கிராமத்துத் தார்ச்சாலையாகத் தேடிப் பிடிப்பார். கோயிலும் கோட்டைச் சுவரும் கண்ணில் பட்டுவிட்டால் போதும், சாப்பாடு மறந்துபோகும். ஜெபமணி வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு சைக்கிள்களுக்கும் காவல் இருந்துகொண்டு, அந்த ஊர்க்காரர்களிடம் உடைந்த மராத்தியில் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுவார்.

"கர்த்தருக்கு இனிமே சாயங்காலம்தான் மிச்சம்" என்று சொர்ணம் முணுமுணுத்தாள். உண்மைதான். காலை ஆராதனையைக் கிட்டு கொண்டுபோய்விட்டார். மாலை ஆராதனைக்கு ஜெபமணி செம்மண் படிந்த காலோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சொக்கி விழுவார்.

இருவருக்கும் உயிரான பாதை சாஸ்வட் பாதை. கேம்ப் வழியாகக் கோந்த்வா தாண்டினால் போப்தேவ் கணவாய் ஏற்றம். வளைந்து வளைந்து மூச்சை வாங்கிவிடும். உச்சியில், எல்லோரும் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஒரு மராத்திக்காரி தகரக் கூரை போட்டு டீ விற்றாள். ஏறி முடித்துவிட்டால் அப்புறம் இறக்கம்தான். பிவ்ரி, சாம்ப்ளி என்று சின்னச் சின்ன ஊர்கள், அத்தித் தோட்டம், சீதாப்பழத் தோட்டம். கடைசியில் சாஸ்வட்டில் 'வாடா' என்கிற, கோட்டை மாதிரியான பெரிய பழைய மாளிகை. அந்த வாசல் கல்லில் கிட்டு உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். என்ன பார்க்கிறார் என்று ஜெபமணிக்குக் கடைசி வரை விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, பக்கத்தில் நிற்க அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த ஏற்றத்தில் முதல் தடவையே ஒரு விபரீதம் நடந்தது. கிட்டு முன்னால் ஏறிப்போய், டீ குடித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜெபமணி தமக்கும் முன்னால் போயிருப்பார் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு சாஸ்வட்டுக்கு இறங்கிவிட்டார். இங்கே ஜெபமணி செயின் அறுந்து, பாறையில் விழுந்து, கணுக்கால் வீங்கி, ஒரு வளைவில் வெயிலில் கிடந்தார். கிட்டு திரும்பி வந்து பார்த்தபோது உச்சிவேளை. மனுஷனுக்கு முகம் செத்துப்போயிற்று. தம் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டபடியே சொன்னார்:

"இனிமே இதான் சட்டம் ஓய். மேலே முதல்ல போறவர், பின்னால வரவர் வந்து சேர்ற வரைக்கும் டீயும் குடிக்கப்படாது, எடத்தை விட்டும் நகரப்படாது."

"வராமலே போயிட்டா என்னவே செய்வீரு?"

"வராம எங்க போவீர்? உக்காந்திண்டிருப்பேன்."

அந்தச் சட்டத்தைக் கிட்டு ஒருதரம்கூட மீறவில்லை. ஜெபமணியின் கனத்த அட்லஸ் வண்டி உச்சிக்கு வந்து சேரும்போதெல்லாம், டீ கிளாஸைச் சாஸரால் மூடி வைத்துக்கொண்டு, சாலை வளைவையே பார்த்தபடி கிட்டு கல்லில் உட்கார்ந்திருப்பார். மாவ்ஷிக்குச் சிரிப்பாக இருக்கும். மறுபடி சூடுபண்ணித் தருவாள். இப்படியே வருஷங்கள் ஓடின. கோந்த்வாவில் வயல்கள் போய் மாடிக் கட்டடங்கள் வந்தன, தொழிற்சாலையில் பாதிப் பேர் ஸ்கூட்டருக்கு மாறினார்கள். இவர்கள் மாறவில்லை.

2003-இல் கிட்டுவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். சமதரையில் கொஞ்சம் நடக்கலாம், கடைகண்ணிக்குச் சைக்கிளில் போகலாம், மேடு மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நாலைந்து மாசம் கிட்டு அடங்கி இருந்தார். பிறகு ஆரம்பித்தது அரிப்பு. மெதுவாக ஏறலாமே, பாதியில் நின்று நின்று போகலாமே என்று நச்சரிப்பு.

ஒரு சாயங்காலம் கிட்டுவின் மனைவி பாமா தனியாக ஜெபமணி வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அப்படி வந்ததில்லை. சொர்ணம் கொடுத்த காபியை அவள் தொடவில்லை.

"மணி அண்ணா, நான் சொன்னா அவர் கேக்கமாட்டார். நீங்க போனா அவரும் வந்துடுவார். நீங்க விட்டுட்டா அவரும் விட்டுடுவார். எனக்காக நீங்க சைக்கிளை விட்டுடணும். நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியவும் கூடாது" என்றாள். பிறகு தயங்கி, "உங்க பைபிள் மேல சத்தியம் பண்ணுவேளா?" என்றாள்.

"சத்தியம் பண்ணுதது எங்களுக்கு விலக்கு, தங்கச்சி. விட்டுட்டேன்னா விட்டுட்டேன். அவ்வளவுதான்."

அவள் போன பிறகு ஜெபமணி வெகுநேரம் சைக்கிள் பக்கத்தில் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. சைக்கிளை நினைத்தா கிட்டுவை நினைத்தா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து முட்டு வலி. தேய்மானம், இனிமேல் மிதிக்கவே கூடாதாம் என்று கிட்டுவிடம் சொன்னார். சொன்னால் ஆயிற்றா? நொண்டவும் வேண்டுமே! லேத்தில் கடைசல் பிடிக்கிற கைக்கு நடிப்பு வருமா? தொழிற்சாலைக் காண்டீனில் ஒருநாள் கிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓய், நேத்திக்கு வலது கால்னா நொண்டினீர்?"

"வலி மாறி மாறி வருதுவே."

"அப்படியா? ரொம்ப நன்னா இருக்கு." அதற்கு மேல் கிட்டு கேட்கவில்லை. ஆனால் அவர் கண்ணில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது என்று ஜெபமணி அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்துகொண்டார்.

அடுத்த வருஷம் குளிர் விடுகிற சமயம், ஒரு சனிக்கிழமை. வேலை விட்டு வெளியே வரும்போது கிட்டு பக்கத்தில் வந்து, "நாளைக்குக் காலம்பற நான் போப்தேவ் ஏறப்போறேன். மேலே காத்துண்டிருப்பேன்" என்றார்.

"எனக்கு முட்டு வலிவே. நீரும் போவாதேயும்."

"எந்தக் கால் ஓய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிட்டு சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பாமாவிடம் சொல்லிவிடலாமா என்று ஜெபமணி யோசித்தார். இதற்கு முன்பும் கிட்டு இரண்டொரு தடவை இப்படி மிரட்டிவிட்டு, காலையில் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார். தனியாகப் போகிற ஆளே இல்லை அவர். வீணாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூட்டுவானேன் என்று விட்டுவிட்டார். ஆனாலும் ஞாயிறு விடிகாலையில் அவர் கை தானாகச் சைக்கிளை வெளியே எடுத்தது. டயருக்குக் காற்றடித்தது. கேட் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே நின்றதும் பாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் போகாவிட்டால் அவரும் போகமாட்டார் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, வண்டியைத் திருப்பி உள்ளே விட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலை ஆராதனைக்குப் போனார்.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது சொர்ணத்தின் தம்பி வந்து தோளைத் தொட்டான். கிட்டு கிர்க்கி பஜாரில் கீரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். போப்தேவ் உச்சியில் சாய்ந்துவிட்டாராம். சாஸ்வட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. பிறகு ஒருநாள் ஜெபமணி யாரிடமும் சொல்லாமல் அட்லஸை எடுத்துக்கொண்டு போப்தேவ் ஏறினார். பாதி வழியில் அழுகையில் மிதிக்க முடியாமல் இறங்கி உருட்டினார். உச்சியில் மாவ்ஷி அவரைப் பார்த்ததும் டீப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மராத்தியில், "இப்ப கால் தேவலையா?" என்றாள்.

"எந்தக் கால்?" என்றார் ஜெபமணி.

அவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. கிட்டுதான் அன்றைக்குச் சொன்னாராம். வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போல இரண்டு டீ போடச் சொல்லி, தம்முடையதைச் சாஸரால் மூடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். கோந்த்வா பக்கம் இறங்கின பால் வண்டியை இவளே கைகாட்டி நிறுத்தினாள். டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, ஏறிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னான். கிட்டு தலையாட்டி மறுத்தார்.

"பின்னாடி என் ஆள் வரான், அவனுக்குக் கால் வலி, வண்டியைத் தள்ளிக்கிட்டு மெதுவாத்தான் வருவான், நான் போயிட்டா தேடுவான்னு சொன்னார்" என்றாள் மாவ்ஷி. பால் வண்டி போய்விட்டது. அடுத்து ஒரு வண்டி, சாஸ்வட் போகிற வண்டி, வந்து சேர்வதற்குள் அவர் கல்லிலேயே சாய்ந்துவிட்டார். டீயை அவர் தொடவில்லை. அவள்தான் அதைக் கீழே கொட்டினாள்.

ஜெபமணி அந்தக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாவ்ஷி பக்கத்தில் நின்றாள். வேறென்ன செய்வாள் அவள்?

சில நாள் கழித்துப் பாமா கூப்பிட்டனுப்பினாள். சாங்வி வீட்டில் கிட்டுவின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. ஜெபமணி அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"அங்க போயிட்டு வந்தேளாமே, அண்ணா. சொர்ணம் அக்கா சொன்னா" என்றாள் பாமா. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடாமக் கெளம்பிப் போனார். கடைசியா அந்த டீயாவது குடிச்சாரா?"

குடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், தன் பேச்சைக் கேட்டுத்தான் இவர் வராமல் இருந்தார், அதனால்தான் அவர் வண்டியில் ஏறவில்லை என்று அவளுக்கு இந்த ஜென்மம் முழுக்கத் தெரிந்திருக்கும். ஜெபமணி தரையைப் பார்த்தார்.

"குடிச்சாராம், தங்கச்சி. சூடா வாங்கிக் குடிச்சாராம். அப்புறந்தான் சாஞ்சாராம்."

பாமா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "அது போதும் எனக்கு" என்றாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினேள், அண்ணா. அவர்தான் கேக்கலை."

"ஆமா, தங்கச்சி" என்றார் ஜெபமணி.

விடைபெற்றுக்கொண்டு எழுந்தார். பாமா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நொண்டினார். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.