என் வலைப்பூ காசு பார்த்த கதை

நான் மயிலாடும்பாறையில் பிறந்து, கம்பம் பக்கத்தில் இருக்கும் காமயகவுண்டன்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் பக்கம் மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போக வேண்டியதுதான். இங்கே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. முதன்முதலில் திராட்சைப் பந்தலுக்குள் போனபோது, தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கிய பழத்தை இடித்து உதிர்த்துவிடுவேனோ என்று தோட்டம் முழுக்கக் குனிந்தே நடந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்துகொண்டே கேட்டார்: “எதைத் தொலைச்ச? சொன்னா நானும் தேடுவேன்ல?”

கல்யாணத்துக்கு முன்னால் ஆண்டிபட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் சீர்வரிசையில் மற்றவர்களுக்கு டிவி வந்த இடத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கொஞ்ச நாள் அது பூப்போட்ட துணிக்குள் தூங்கியது. டெலிபோன் லைனிலேயே பிராட்பேண்ட் கொடுக்கிறார்கள் என்றதும் வாங்கிப் போட்டோம். இரண்டாயிரத்து ஏழு வாக்கில், மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் படித்து ஆசை வந்து, நானும் ஒரு வலைப்பூ தொடங்கினேன்.

எழுத எனக்கு விஷயம் தேடவேண்டியிருக்கவில்லை. திராட்சை எனக்குப் புதுசு. கொடியை ஏன் மொட்டையடிக்கிற மாதிரி வெட்டுகிறார்கள், வெட்டிய இடத்தில் ஏன் தண்ணீர் சொட்டுகிறது, பனி இறங்கினால் ஏன் வீட்டுக்காரர் சிடுசிடுக்கிறார் என்று பார்த்ததையெல்லாம் எழுதினேன். இடையிடையே என் மாமியார் வைக்கும் குழம்பு. கரண்ட் இருக்கும் நேரத்தில் அடித்து, அது போவதற்குள் ஏற்றிவிட வேண்டும். பாதிப் பதிவில் கரண்ட் போய், மிச்சத்தை “இன்னும் கொதிக்கிறது, பொறுங்கள்” என்று மறுநாள் எழுதிய சமையல் குறிப்பும் உண்டு. சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கேயோ இருந்து படித்தார்கள். பதிவு போட்ட நிமிஷத்தில் “மீ த ஃபர்ஸ்ட்டு” என்று பின்னூட்டம் போட்டுவிட்டு, அதற்கப்புறம் படிக்கிறவர்களும் இருந்தார்கள்.

அப்போது ஒரு வெட்டில், அதாவது ஒரு அறுவடையில், பழத்துக்கு விலையே இல்லாமல் போனது. கூலிக்கும் மருந்துக்கும் போக, வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

“இந்த நெட்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பமா?”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்கிற மாதிரி கேட்டதால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஆறு மாசம் பொறுங்க. அது பில்லை அதுவே கட்டிக்கிரும்.”

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. சென்னையில் இருந்த ஒரு பதிவருக்கு மடல் எழுதிக் கேட்டேன். ஓரத்தில் விளம்பரம் போட்டால் காசு வரும், ஆனால் தமிழ்த் தளங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், இங்கிலீஷில் எழுதுங்கள் என்றார். எனவே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், திராட்சைத் தோட்டத்தைப் பற்றி இன்னொரு வலைப்பூ தொடங்கினேன். விண்ணப்பம் போட்டேன், விளம்பரமும் வந்தது. கொத்துக்கு மருந்தடிப்பதைப் பற்றி எழுதினால் பக்கத்தில் உடம்பு இளைக்க மருந்து விளம்பரம். பந்தல் கம்பியைப் பற்றி எழுதினால் வெள்ளைக்காரப் பெண் கவுன் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு நிற்பாள். மாசக் கடைசியில் கணக்கில் பார்த்தால் டாலர் இல்லை, சென்ட்தான் இருந்தது. நூறு டாலர் சேர்ந்தால்தான் செக் அனுப்புவார்கள். என் மகளுக்கு அப்போது ஒரு வயது. அவள் கல்யாணத்துக்குள் சேர்ந்துவிடும் என்று தோன்றியது.

வீட்டுக்காரர் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

“இதை யாராச்சும் அமுக்குனா நமக்குக் காசு வருமா?”

“வரும்.”

“யாரு அமுக்குனாலும்?”

“ஆமாங்க.”

தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் கம்பத்துக்குப் போனவர் முகம் நிறையச் சிரிப்போடு திரும்பினார்.

“ஜீப் ஸ்டாண்டுல நம்ம பயலுக அத்தனை பேரையும் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். உன் பக்கத்தைத் திறந்து வச்சு, விடாம அமுக்குங்கடான்னேன். ஆளுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். எஸ்டேட்டுக்கு லோடு ஏத்துற அண்ணன் ஒருத்தரு, அந்தக் கவுன் போட்ட பொண்ணை மட்டுமே அமுக்கிக்கிட்டு இருந்தாரு.”

இதை ஏமாற்று என்பார்களே என்று ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நினைத்தபடியே மடல் வந்துவிட்டது. முறையில்லாத கிளிக்குகள் வந்திருப்பதால் கணக்கை மூடிவிட்டார்களாம். இருந்த சென்ட்டும் போச்சு. படித்துச் சொன்னதும் அவருக்கு நியாயமான கோபம்.

“அமுக்கத்தான போட்டுருக்காக? அமுக்குனதுக்குக் கோவிச்சுக்கிட்டா எப்பிடி?”

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. அத்தனை பேருக்கும் வாங்கிக் கொடுத்த டீ, வடைக்கு ஆன செலவே, நான் அதுவரை சம்பாதித்ததைப் போல் பல மடங்கு.

குற்ற உணர்ச்சியோ என்னமோ, அடுத்த யோசனை அவருடையது. “வெளிநாட்டுக்காரனை விடு. நம்ம கடைக்காரகட்ட விளம்பரம் வாங்குவோம்” என்று பைக்கில் என்னைத் தேனிக்குக் கூட்டிப் போனார். கடைவீதியில் அவருக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடை முதலாளி. வயசான மனுஷர், நல்ல மாதிரி. கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“சரிம்மா, போட்டுருவோம். இதை எங்கன ஒட்டுவீக?”

“ஒட்டுறது இல்லைங்கய்யா. இன்டர்நெட்டுல வரும்.”

“வரட்டும். வந்துட்டு எங்கன நிக்கும்?”

கடையில் கம்ப்யூட்டர் இல்லை. நான் தமிழ் வலைப்பூவின் மேல்பக்கத்தில் அவர் கடை விளம்பரத்தைப் போட்டு, அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய அப்பாவின் மாலை போட்ட படத்தையும் வைத்து, கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். சொன்ன தொகையை அப்போதே கொடுத்தார். அந்தப் பிரிண்ட்டைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “அப்பா இன்டர்நெட்டுல வந்துருக்காக” என்று காட்டினார். மூன்று மாதம் நடந்தது. ஆனால் துபாயில் இருப்பவர் இட்லிக் கொப்பரை வாங்கத் தேனிக்கு வருவாரா? மலேசியாவில் இருக்கும் முதலாளியின் மச்சினன் மட்டும் பார்த்துவிட்டுப் போன் பண்ணினாராம். நாலாவது மாதம் போனபோது முதலாளி கொஞ்சம் கூச்சத்தோடு, “அடுத்த தடவைக்குக் காலண்டரா அடிச்சிரலாம்னு இருக்கேம்மா” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மூன்றாவது வாய்ப்பு தானாகத் தேடி வந்தது. கொடிக்கு ஊற்றும் டானிக் விற்கிற ஒரு சின்னக் கம்பெனிக்காரர், என் பதிவுகளைப் படித்துவிட்டு வீடு தேடி வந்தார். “எங்க டானிக்கை ஊத்துனோம், கொத்து கனம் கூடுச்சுன்னு எழுதுங்க மேடம்” என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அடுப்படியில் இருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். நான் ஊற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். ஒரு வரிசைக்கு மட்டும் ஊற்றினோம். அறுவடை வரை பார்த்தோம். ஊற்றின வரிசையும் ஊற்றாத வரிசையும் அக்கா தங்கை மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. அதை அப்படியே, இரண்டு படங்களோடு எழுதினேன். கடைசியில், “கெடுதல் ஒன்றும் இல்லை” என்றும் நல்ல மனசோடு சேர்த்தேன். கம்பெனிக்காரர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“கூடுச்சுன்னு ஒரு வார்த்தை எழுதுனா கை என்ன தேஞ்சா போகும்?”

“படிக்கிறவுகளும் காசு கொடுத்துத்தான அத்தை வாங்கி ஊத்துவாக?”

வீட்டுக்காரர்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவ எழுதுனதுதான் சரி” என்றார். எனக்கு அந்த வார்த்தை போதும். ஆறு மாதக் கெடு முடிந்து வெகுநாளாகியும் அவர் நெட்டைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

அந்தப் பதிவுக்குக் கீழேதான் சிங்கப்பூரில் இருந்து ஒரு பெண் எழுதினாள். அவள் அப்பா கம்பத்துக்காரர். இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். கடையில் என்ன திராட்சை வாங்கி வந்தாலும், “இது பழமா?” என்று ஒதுக்குகிறாராம். “அக்கா, உங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி அனுப்ப முடியுமா? பணம் உடனே கட்டிவிடுகிறேன்.”

அனுப்புவதில் என்ன சிரமம் என்று நினைத்தோம். உச்சிவெயிலில் பறித்த பழத்தைப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் அமுக்கி நிரப்பி, கம்பத்தில் இருந்து சாயங்காலம் கிளம்பும் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். கீழே சாமான் வைக்கும் இடத்தில் அதன்மேல் யாரோ வாழைத்தாரை அடுக்கியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் பெரியவரே போன் பண்ணினார்.

“தாயி, பெட்டி வந்துருச்சு. பழமா அனுப்புனீகளா, சாறா அனுப்புனீகளா?”

பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று தடுமாறினேன்.

“பணமெல்லாம் எதுக்கு? வடிகட்டிக் குடிச்சுட்டேன். வாசம் அப்பிடியே இருக்கு. என் மருமகதான் பாவம், வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் கழுவிக்கிட்டு இருக்கா. அடுத்த தடவை பழமாவே அனுப்புங்க.”

அடுத்த தடவை என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். நானும் வீட்டுக்காரரும் பழத்தை வைத்துப் பரீட்சை பண்ண ஆரம்பித்தோம். விடிகாலையில் பறித்து, காம்பு லேசாகத் தளரும்வரை நிழலில் போட்டு வைத்தோம். பெரிய பெட்டியை விட்டுவிட்டு, ஒரே அடுக்கு பிடிக்கும் சின்னப் பெட்டிகளாக வாங்கினோம். காற்றுக்கு ஓட்டை போட்டு, பேப்பரைக் கிழித்து மெத்தை மாதிரி பரப்பினோம். பெட்டியை பைக்கில் கட்டி உத்தமபாளையம் வரை மேடு பள்ளமெல்லாம் ஏற்றி இறக்கித் திரும்பி வந்து திறந்து பார்ப்போம். உதிர்ந்த பழத்தை என் மகள் தின்று தீர்த்தாள். உதிராத நாள் வந்ததும், கம்பத்துக்குப் போய் பஸ் டிரைவரிடம் பெட்டியைக் கையில் கொடுத்தார் வீட்டுக்காரர்.

“அண்ணே, கீழ போட்டுறாதீக. உங்க பக்கத்துலயே வச்சுக்கங்க.”

“உள்ள என்னா, முட்டையா?”

“முட்டையின்னா பரவாயில்லையே. பன்னீர் திராட்சை.”

இந்த முறை பெரியவர் போனில் பேசவே இல்லை. மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு, “உங்க தோட்டத்துல இன்னும் இருக்கா தாயி?” என்றார்.

நடந்ததையெல்லாம், சாறு வடிந்த கதை உட்பட, ஒரு பதிவாக எழுதினேன். நான் விற்பதாக ஒரு வரிகூட எழுதவில்லை. பின்னூட்டத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு பெட்டி, மாமனாருக்கு ஒரு பெட்டி, கோபத்தில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு பெட்டி. வெளிநாட்டில் இருந்தவர்கள் பணத்தைப் பேங்கில் போட்டார்கள். பெட்டி போனது மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும். கமிஷன் கடையில் கிடைத்ததைவிட நல்ல விலை. பழம் முழுவதும் அப்படிப் போகவில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு வெட்டிலும் நல்ல கொத்துகள் பஸ் ஏறின. மாமியார் பெட்டிக்குள் பேப்பர் பரப்ப உட்கார்ந்தவர், ஒவ்வொன்றும் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்காமல் மூடியைப் போட விடமாட்டார். கோபக்கார அண்ணனுக்குப் போன பெட்டியில் தானாகவே ஒரு கொத்து அதிகம் வைத்தார்.

இப்போது யோசித்தால், விளம்பரத்தை அமுக்கினவர்களுக்கு நான் என்ன எழுதுகிறேன் என்றே தெரியாது. பாத்திரக்கடை முதலாளிக்கு என் வாசகர்கள் யாரென்று தெரியாது. டானிக்காரருக்கு அவர்களைத் தெரியும், ஆனால் டானிக் வாங்கப்போகிறவர்களாக மட்டும். பழம் கேட்டவர்களுக்குத்தான் நாங்கள் எப்போது கொடி வெட்டினோம், எப்போது மழையில் பூ உதிர்ந்து அழுதோம் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. இதையும் அப்போதே யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். மற்ற கதவெல்லாம் மூடின பிறகு திறந்திருந்த கதவு அது.

ஒரு வருமானத்தை மட்டும் நான் எதிர்பார்க்கவே இல்லை. பெட்டி வாங்கிய கோயம்புத்தூர் அம்மா ஒருவர் போன் பண்ணி, பழம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “எங்க பையன் துபாய்ல இருக்கானுங்க கண்ணு. உங்க பக்கம் நல்ல பொண்ணு இருந்தா சொல்லேன்” என்றார். எங்கள் தெருவில் டீச்சருக்குப் படித்துவிட்டு இருந்த பெண்ணைச் சொன்னேன். சாதகம் பொருந்தியது. பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொண்டதில் மற்றதும் பொருந்திவிட்டது. கம்பத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். இரண்டு வீட்டாரும் எனக்கு ஆளுக்கொரு பட்டுச்சேலை எடுத்திருந்தார்கள். நான் எதைக் கட்டுவது என்று குழம்பி, தாலி கட்டும் வரை ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று கட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் சொந்தக்காரர்களிடமெல்லாம் காட்டினார். “இவங்கதானுங்க இன்டர்நெட்டுல திராட்சை விக்கறவங்க.” ஆளாளுக்கு விலை கேட்டார்கள். பந்தியில் என் வீட்டுக்காரரைத் தேடினால், அவர் பாயாசம் ஊற்றுகிறவரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க்காரர்களிடம் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்:

“அடுத்த வெட்டு சித்திரையில. உங்களுக்கு எத்தனை பெட்டிங்க?”