மாமா பார்த்த பதினெட்டாவது கார்

என் அக்காவின் கணவர் தையற்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். பழைய கார் விற்பவர்கள் சாக்பீஸ் என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதோடு நிறுத்துவதில்லை, தூரத்தில் கண்டாலே காரை மூடி வைத்துவிடுகிறார்கள்.

காரணம் இருக்கிறது. துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். காரில் ஒரு கீறல், ஒரு நெளிவு, பெயின்ட் நிறம் மாறிய இடம் எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். காலையெல்லாம் ஒருவர் கழுவித் துடைத்து வைத்திருந்த கறுப்புக் காரில் பத்தொன்பது குறி விழுந்தது. "சார், நான் காரை விக்கறேன், கோட்டு தைக்கக் குடுக்கல" என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார்.

இன்னொருவர், "ஒரே ஆள் ஓட்டின வண்டி, அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று கதை அளந்தார். மாமா டிரைவர் சீட்டின் தையலை விரலால் தடவினார். "இந்த நூல் வேற, பக்கத்து சீட்டு நூல் வேற. ஸ்பாஞ்சு ரெண்டு தடவை மாத்தியிருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் உக்காந்தே இப்படித் தேயணும்னா, அந்த ஆளு யானையா இருக்கணும்." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கார் வந்தபாடில்லை.

அக்காவுக்குக் கார் கட்டாயம் வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள், ஒரு வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டாள். அதற்குப் பிறகு வலது முட்டி மடங்கவே இல்லை. சின்னக் காரில் காலை நீட்ட இடமில்லை. உயரமான வண்டியில் ஏற முடியாது. பின்சீட்டில் குறுக்காகக் காலை நீட்டி உட்காரத் தோதான, தாழ்ந்த, நீளமான கார்தான் அவளுக்குச் சரி. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தினமும் டாக்சி என்றால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். எடுத்த விடுப்பெல்லாம் தீர்ந்து, வரும் திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

மாமாவோ பதினேழு காரைத் தட்டிக் கழித்துவிட்டார். பதினேழையும் ஓட்டிப் பார்த்தது நான்தான். "நீ ஓட்டு மாப்ள, நான் சத்தம் கேக்கறேன்" என்று பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். இவர் விஷயத்தில் காரும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒரு பல் டாக்டர் பதினெட்டாவது காரை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்தார். சாம்பல் நிறம், நல்ல நீளம். மாமா சுற்றி வந்தார். தரையில் படுத்து அடியில் பார்த்தார். டிக்கிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பின்சீட்டை டேப்பால் அளந்தார். அக்காவின் காலுக்குப் போக நாலு அங்குலம் மிச்சம். சாக்பீஸ் கையிலேயே இருந்தது, ஒரு குறி விழவில்லை. கடைசியில், "ஹாரன் சத்தம் கொஞ்சம் மரியாதை இல்லாம இருக்கு" என்றார்.

பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அதற்குள் அக்கா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, காலைத் தூக்கி நீட்டிச் சாய்ந்தும் கொண்டாள். "என் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

நான் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"நீ இல்லடா. அவர் ஓட்டட்டும்."

மாமாவின் முகம் வெளிறிப்போயிற்று. லைசென்ஸ் இருக்கிறது, ஒரு துணிக் கம்பெனிக்குப் பத்து வருடம் வேன் ஓட்டியவர். "இன்னைக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா..." என்று ஆரம்பித்தார். ராத்திரி விளக்கில் ஊசிக்கு நூல் கோக்கிற கண் அது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னைப் பின்னாடி வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாதும்மா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் மனுஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

அக்கா அசையவில்லை. "நீங்க அஞ்சாவது காரை வேண்டாம்னப்பவே எனக்குத் தெரியும். என்னைக் கீழ போட்டது நீங்கதானே? அப்ப கூட்டிட்டுப் போறதும் நீங்கதான். ஏறுங்க."

ஏறினார். பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பைக்கில் பின்னால் போனேன். போனேன் என்பதைவிடக் காலை ஊன்றி ஊன்றித் தள்ளினேன் என்பதே சரி. வேகத்தடை வந்ததும் கார் நின்றே விட்டது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் அலறின. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. வெகுநேரம் கழித்துப் பின்சக்கரமும் ஏறி இறங்கியது. சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தார்.

நடந்தால் பதினைந்து நிமிடத் தூரம். எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பள்ளிக்கூட வாசலில் கார் நின்ற பிறகும் மாமா ஸ்டியரிங்கை விடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "திங்கக்கிழமை பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிடுவோம்" என்றாள்.