ஆறாவது தட்டு

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்த அக்கா, தயாரிப்பு லைனில் வரும் பொருளைக் கண்ணால் பார்த்தே குறை கண்டுபிடிப்பவர். தினமும் மடியில் இரண்டு டிபன் டப்பா இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைத்தான் திறப்பார்.

அன்று டிரைவர் தமிழ் பேசும் கொரியத் திகில் படம் போட்டிருந்தார். ஆற்றிலிருந்து ஏறி வந்த ராட்சச மிருகம் வாசலில் உறுமியது. உள்ளே ஒரு குடும்பம் கறித்துண்டுக்குச் சண்டை போட்டது. பஸ்ஸே சிரித்தது.

"கீறது அஞ்சு பேருதான். அந்தம்மா ஆறு தட்டு வெச்சிகீறா பாரு," என்றார் அக்கா.

சிரிப்பு நின்றது. திரையில் கதவு பிளந்தது. எல்லாரும் ஓட, அந்த அம்மா மட்டும் ஆறாவது தட்டில் சோறு போட்டாள்.

"அப்போ அந்த மிருகம் அவ புள்ளையாக்கா?"

"வேற யாருக்குப் போடுவா?"

கம்பெனி கேட் வந்தது, படம் நின்றது. ஒருநாளும் திறக்காத அந்த இரண்டாவது டப்பாவை இறுக்கிப் பிடித்தபடி அக்கா இறங்கினார். அது யாருக்கு என்று கேட்காமலே நானும் அவர் பின்னால் இறங்கினேன்.