எலுமிச்சம்பழம் நசுங்கிய வண்டி

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தது மூன்று பேர். ஓட்டியவர் என் தங்கை வீட்டுக்காரர். நான் அவரை மாப்ள என்று கூப்பிடுவேன். பக்கத்து சீட்டில் நான். பின் சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரரான ஒரு அக்கா. நாலாவது ஆள் ஆற்றுக்குள் வந்து சேர்ந்தார். அவர் வராமல் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை.

நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே கொள்ளிடத்தில்.

நான் பெரம்பலூரில் கார், வேன்களுக்கு சீட் கவர் தைக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ரெக்சினும் ஊசியும் தவிர எனக்கு எதிலும் தைரியம் கிடையாது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். பஸ் டிரைவர் கொட்டாவி விட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். மாப்ளைக்கு நான் ஒரு வேடிக்கை. "மச்சான் செத்தாக்கூட பாடையில கயிறு சரியா கட்டிருக்கான்னு எந்திரிச்சுப் பாத்துட்டுத்தான் படுப்பாரு" என்பார்.

அவர் வளைகுடாவில் பல வருடம் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர். ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்துவிட்டார். கடலோரத்தில் ஒரு விடுதிக்காரர், தங்க வருகிறவர்களைக் கடற்கரை மணலிலும் முந்திரிக் காட்டுக்குள்ளும் ஜீப்பில் சுற்றிக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி இருந்தால் மாத வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். புது வண்டிக்கு வழியில்லை. பழசு வாங்குவது என்று முடிவானது. பாதிப் பணம் என்னுடையது.

ஆடி மாதம் முழுக்க வண்டி பார்த்தோம்; வாங்கத்தான் இல்லை. ஒன்றில் புது பெயின்டுக்கு அடியில் கடல் உப்பு தின்ற துரு. இன்னொன்றில் என்ஜின் கறுப்பாகப் புகைந்தது. கடைசியாக அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இந்த ஜீப் கிடைத்தது. அக்காவின் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சின்னக் கான்ட்ராக்ட் எடுத்தவர். மாரடைப்பில் போய்விட்டார். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தது. "இத வித்துத்தான் தம்பி வூட்ட மீக்கணும்" என்றார். எதையும் அவர் மறைத்துப் பேசவில்லை.

மாப்ள பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தார். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று பானட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார். நாலு சக்கரத்தையும் சேர்க்கிற லிவரைப் போட்டார். டேஷ் போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் கியர் பெட்டி கெட்டுவிடும் என்பதால், விளக்கோடு நிறுத்திக்கொண்டார். நான் சீட்டைப் பார்த்தேன். டிரைவர் சீட் ஸ்பிரிங் வரைக்கும் அமுங்கிக் கிடந்தது. பக்கத்து சீட் புதுசு மாதிரி இருந்தது. அந்த மனிதர் எப்போதும் தனியாகவே போய் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

மணலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்றேன். மாப்ள கேட்கவில்லை. நல்ல நாள், வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் கோயில் திறந்திருக்கும், பூஜை போட்டு அங்கேயே வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிடலாம் என்றார். அக்காவும் கூடவே வந்தார். பேர் மாற்றாத வண்டியை அவர் எப்படி எங்களை நம்பி விடுவார்?

கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாப்ள முன்னால் எடுத்தார். பழங்கள் நசுங்கின. தாம்பாளத்தில் அட்வான்ஸை வைத்து அக்காவிடம் நீட்டிச் சிரித்தபடி சொன்னார்: "அவ்ளோதான்க்கா. பழம் நசுங்கிடுச்சு. இனிமே கீறல் வுழுந்தாலும் எங்களுக்குத்தான்."

அக்கா தலையை ஆட்டினார். பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அங்கே கிடந்த தன் வீட்டுக்காரர் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்திலும் நச்சரித்தேன். "மிச்சப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ மணல்ல வுட்டுப் பாத்துருவோம் மாப்ள." கடைசியில் அவர் சலித்துப்போய், "கடலுக்குப் போவ முடியாது. கொள்ளிடத்துல எறக்கிக் காட்டுறேன். அப்பயாவது தூங்குவீங்களா?" என்றார். அதனால்தான் ஆற்றுக்குப் போனோம்.

அந்த இடத்தில் கொள்ளிடம் பார்வைக்கு எட்டுகிற வரை மணல். எதிர்க்கரை ஓரமாக மட்டும் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. நடுவில் குடிநீர்த் திட்டத்துக் கிணறு ஒன்று கோபுரம் மாதிரி நிற்கும். அதற்குப் போகிற பாதையில் இறங்கினோம். மாப்ள தீக்குச்சியால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார். அப்போதுதான் மணலில் அமிழாதாம். நான் ஏசியைப் போடச் சொன்னேன். குளிர்ச்சி நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமே. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம்.

கரைமேல் மைக் கட்டின ஆட்டோ ஒன்று மெதுவாகப் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே அணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று அது சொல்லிக்கொண்டு போயிருக்கிறது.

பாதையில் வண்டி நன்றாகத்தான் போனது. பாதையை விட்டுத் திருப்பி, லிவரைப் போட்டு, பச்சை விளக்கு எரிய, கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் அமுங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் அமுங்கியது. நான் இறங்கிப் பார்த்தேன். பின் சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை.

"மாப்ள, முன்னாடி சுத்தலயே."

அவர் இறங்கி, குப்புறப்படுத்து அடியில் தலையை விட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கியர் பெட்டியிலிருந்து முன் சக்கரத்துக்குப் போக வேண்டிய இரும்புத் தண்டையே காணோம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் போல்ட் துவாரம், அதில் காய்ந்த கிரீஸ். சுரங்கத்துக் கல் தரையில் நாலு சக்கரமும் இழுக்கத் தேவையில்லை, சத்தமும் டீசலும் மிச்சமாகட்டும் என்று யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். லிவர் விழும். விளக்கும் எரியும். சக்கரம் மட்டும் சுற்றாது. பாலைவனத்தில் அவர் ஓட்டியதெல்லாம் புது வண்டி. அடியில் குனிந்து பார்க்கிற வேலை அங்கே அவருக்கு வந்ததில்லை.

அப்போதுதான் கிணற்றுப் பக்கமிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பம்ப் ஆபரேட்டர். மோட்டாரை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கரையேறப் போனவர் எங்களைப் பார்த்திருக்கிறார். தோளில் ஒரு நைலான் கயிறு.

"யோவ், மைக்குல கத்திட்டுப் போனது காதுல வுழல? தண்ணி வந்துட்டிருக்கு."

திரும்பிப் பார்த்தேன். மேற்கே மணலின் நிறம் மாறியிருந்தது. அலை ஒன்றும் இல்லை. நுரையும் சருகும் வைக்கோலுமாக ஒரு பழுப்புத் துணியை யாரோ விரிப்பது போலத் தண்ணீர் வந்தது. சத்தமே இல்லாமல் வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பயம். எங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் அது முதலில் நிறைய ஆரம்பித்தது.

அந்த ஆள் வண்டியை ஒரு தடவை பார்த்தார். "இது வராது. ஆளு மட்டும் வாங்க" என்றார்.

அக்கா இறங்கவில்லை.

கதவைத் திறந்து கூப்பிட்டோம். முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தள்ளுங்க தம்பி, நானும் தள்றேன். இது போச்சுன்னா என் வூடு போயிரும்." மாப்ள அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உதறினார். "நீங்க போங்க. நான் வண்டியோட கெடக்குறேன்." தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டது. ஆபரேட்டர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சட்டுனு வாங்கய்யா, பள்ளம் ரொம்பிடுச்சுன்னா நானும் போவ முடியாது" என்றார்.

நான் யோசித்துப் பேசுகிற ஆள் இல்லை. பயந்து பேசுகிற ஆள். அப்போதும் பயத்தில்தான் வாயில் வந்தது.

"அக்கா, இது உங்க வண்டி இல்ல. காலையிலயே பழம் நசுங்கிடுச்சு. இது எங்க வண்டி. எங்க வண்டி முழுவுது, உங்களுக்கு என்ன? பணம் முழுசா நான் தரேன். எறங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். "சாமி முன்னாடி வச்சதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா."

இறங்கினார். அந்தத் துண்டை மட்டும் கையில் வைத்திருந்தார்.

பள்ளத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. காலுக்கு அடியில் மணல் நழுவிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் முன்னால், அவர் கயிற்றைப் பிடித்தபடி அக்கா, அவருக்குப் பின்னால் நான், கடைசியில் மாப்ள. நடுவில் அக்கா ஒருமுறை முழுகினார். அவர் தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினேன். கரையில் ஏறித் திரும்பியபோது ஜீப்பின் பாதிக் கதவு வரைக்கும் தண்ணீர். உள்ளே பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்த விளக்கும் தெரியாமல் போனது.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதே மாப்ள ஆரம்பித்துவிட்டார். "சாஃப்ட்டக் கழட்டி வச்சுக்கிட்டு வித்திருக்காங்க மச்சான். இது ஏமாத்து வேலை. அட்வான்ஸத் திருப்பி வாங்கணும்."

"சாஃப்ட்டுன்னா என்னா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

அவர் கோபத்தோடு இரண்டு கையையும் விரித்து நீளத்தைக் காட்டினார். ரெண்டு முனையிலும் போல்ட் ஓட்டை இருக்கும் என்றார். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தார்.

"குளிக்கிற ரூம்பு கதவுக்கு அப்படி ஒண்ணத்தான் முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். அதுவா?"

மாப்ள விரித்த கைகளைக் கீழே இறக்கினார். ஆபரேட்டர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்குக் கொடுக்க எங்கள் பையில் நனைந்த நோட்டுதான் இருந்தது. "காய வச்சு நீங்களே வச்சுக்குங்க, பஸ்ஸுக்கு வேணும்ல" என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவை ஊரில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது மாப்ளயிடம், மிச்சப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றேன். "அவங்கள எறக்கறதுக்காகச் சொன்னது மச்சான் அது. அதெல்லாம் ஒரு கணக்கா?" என்றார்.

"அத நம்பித்தான மாப்ள எறங்குனாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் வடிந்ததும் வண்டியைத் தூக்கினார்கள். என்ஜின் முழுக்க மணல். காயலான் கடைக்காரர் கொடுத்த பணத்தை அப்படியே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்ஷூரன்ஸில் வண்டி முழுகியதற்குப் பணம் வராதாம். மாப்ள மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டார். தங்கை போன் பண்ணினால், "உன்னால மாமன் மச்சான் உறவே போச்சு, ஆத்துல எறக்குன்னு நீதான சொன்ன" என்று அழுகிறாள். அதுவும் உண்மைதான். எறக்கச் சொன்னது நான்தான்.

ஆனால் எறக்காமல் இருந்திருந்தால் அந்த வண்டி கடற்கரைக்குப் போயிருக்கும். பின் சீட்டில் யார் வீட்டுக் குழந்தைகளோ உட்கார்ந்திருக்கும். அலை ஏறுகிற நேரத்தில் அந்தப் பச்சை விளக்கை நம்பி மாப்ள மணலில் திருப்பியிருப்பார். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில ராத்திரி அது போதுமானதாக இருக்கிறது, சில ராத்திரி இல்லை.

சீட் கவரில் வருகிறதில் மிச்சம் பிடித்து அக்காவிடம் கொடுத்து வருகிறேன். அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பத்திரம் இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது, வட்டியை அவர்தான் கட்டுகிறார். போகும்போதெல்லாம் அந்த இரும்புத் தண்டு குளியலறைக் கதவில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கிறேன். எடுத்துப் போடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "கதவு நிக்காது தம்பி" என்றார்.

வாழ்க்கை முழுக்க நடக்காத ஆபத்துக்கெல்லாம் பயந்தவன் நான். நடந்த ஆபத்தில் பயத்தில் சொன்ன ஒரே ஒரு வார்த்தை ஒரு உயிரைக் கரையேற்றியது. அந்த வார்த்தைக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.